நோவுமானியின் பூச்சியம்

மலையை அளந்த மனிதன், மாகடலின் ஆழத்தை அளந்த மனிதன், விண்மீனுக்கும் விண்மீனுக்கும் இடையே விரிந்து கிடக்கும் இருளைக்கூட அளந்துவிட்ட மனிதன், பக்கத்துப் பாயில் படுத்துப் புரளுகிறவளின் வலியை மட்டும் அளக்காமலே விட்டுவிட்டான். அளக்கத் தெரியவில்லையா? அல்லது, அளக்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லையா? இந்தக் கேள்வி சுயம்புக்கனியின் நெஞ்சில் தைத்தபோது அவள் பள்ளி மாணவி.

உப்பளத்தில் உப்பு வாரிப் பிழைக்கும் அவளுடைய அக்காள் தங்கபுஷ்பத்தைப் பேறுகாலத்துக்காக மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். சீருடையோடு நடைகூடத்தில் நின்ற கனியின் காதில் அக்காளின் அலறல் விழுந்தது. அதற்கு உள்ளே கிடைத்த மறுமொழியும் விழுந்தது. “ஊர்ல ஒனக்கு மட்டுந்தான் புள்ள பொறக்குதாக்கும்? வாயப் பொத்திக்கிட்டுக் கெட!” சற்று நேரத்தில் மாடியில், கட்டண அறையிலிருந்து ஒரு முனகல் கேட்டது. அலறல் அல்ல, முனகல். அதற்காகப் படியேறி ஓடிய கால்களின் ஓசை அடங்க நெடுநேரமாயிற்று. கீழே அலறியவள் பொய் சொல்லவில்லை. அவளுடைய கருப்பை கிழிந்துகொண்டிருந்தது. அது உண்மைதான் என்று மற்றவர்கள் ஒப்புக்கொண்டபோது பிள்ளை போய்விட்டது. இன்னொரு பிள்ளைக்கு இடமும் இல்லாமல் போய்விட்டது. பின்னாளில் கணவனும் விட்டுப் போனான்.

சொல்லுக்குச் சாதி உண்டு. சொல்லுக்கு வகுப்பு உண்டு. ஆணின் சொல்லுக்கு ஒரு மதிப்பு, பெண்ணின் சொல்லுக்கு ஒரு மதிப்பு. எண்ணுக்கு அந்த இழிவு உண்டா? ஐந்து என்றால் அரண்மனையிலும் ஐந்து, குடிசையிலும் ஐந்து! வலியை எண்ணாக்கிக் காட்டிவிட்டால் எவர் வாயையும் எவரும் பொத்த முடியாது. அந்த நம்பிக்கை ஒன்றையே துணையாகக் கொண்டு அவள் இயற்பியல் படித்தாள். உப்பளத்து வெயிலில் அக்காள் காய, பல்கலைக்கழகத்து உயிரியற்பியல் கூடத்தில் தங்கை ஆராய்ச்சி மாணவியானாள்.

அவள் கையிலெடுத்த கருத்து எளிமையானது. நரம்பில் ஓடுவது மின்சாரம். மின்சாரம் ஓடும் இடத்தில் காந்தப்புலம் எழும். எள்ளளவே உள்ள ஒரு செயற்கை வைரத்துண்டு அந்தப் புலத்தை உணரும். வைரத்தைப் பட்டையில் பதித்துப் பிடரியில் கட்டினால், உடலிலிருந்து மூளைக்குப் போகும் வலியை வழியிலேயே மறித்து, ‘நீ எவ்வளவு?’ என்று கேட்டுவிடலாம்.

கேட்கலாம், ஆனால் மறுமொழி விளங்க வேண்டுமே! இதயம் துடித்தது, தசை துடித்தது, கட்டடத்தின் மின்தூக்கி ஏறி இறங்கியது. எல்லாம் சேர்ந்து சந்தைக்கடை இரைச்சலாய்த் திரையில் கொட்டின. இரண்டாண்டு உழைப்பு அந்த இரைச்சலில் மூழ்கிப் போகும் நிலையில் அவளுடைய நெறியாளர் பேராசிரியர் இராசநாயகம் ஒருநாள் அவள் மேசையருகே வந்து நின்றார்.

“ஏம்மா கனி, அரிசி நிறுக்கும்போது பாத்திரத்தை என்ன செய்வே?”

“வெறும் பாத்திரத்தை வெச்சு, முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டு வருவேன் சார்.”

“அதையே இங்கேயும் செய். பட்டையைக் கட்டின முதல் நிமிஷம் உடம்பு என்ன காட்டுதோ, அதுதான் பாத்திரம். அதைக் கழிச்சிடு. அதுக்கு மேல வர்றதுதான் அரிசி.”

“உடம்பு மணிக்கு மணி மாறுமே சார்?”

“மணிக்கு ஒரு தடவை புதுசாப் பூச்சியம் எடுத்துக்கச் சொல்லு. திடீர் அசைவு வந்தா அதையும் இரைச்சல்னு ஒதுக்கு. இயற்பியல் படிக்கிறவங்களுக்கு இதெல்லாம் பாலபாடம்மா! இதுக்குப் போய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கியே.”

பாத்திரத்துக்குள் ஏற்கெனவே அரிசி இருந்தால் என்ன செய்வது என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பின்னணியைக் கழிப்பது அவர்கள் தொழிலின் அரிச்சுவடி. அதைச் சந்தேகிப்பது, கூட்டலைச் சந்தேகிப்பது போல. அன்றே கழித்தாள். இரைச்சல் அடங்கியது. திரையில் ஒரே ஒரு கோடு, காலைக் கடல்போல அமைதியாக ஓடியது.

விடுதித் தோழியர் வரிசையில் நின்று பனிக்கட்டி வாளியில் கைவிட்டார்கள். கைவிட்டதும் கோடு எழுந்தது. கையெடுத்ததும் விழுந்தது.

“இதுக்கு எதுக்குடி ஐஸு? நம்ம மெஸ்ஸு சாம்பாரை ஒரு கரண்டி ஊத்து. ஒன் மெஷினு வெடிச்சே போயிரும்!” என்றாள் ஒருத்தி. கூடமே சிரித்தது. கனியும் சிரித்தாள். சிரித்த அந்தக் கூட்டத்தில் நோயாளி இல்லை, உழைத்து ஒடிந்த முதுகு ஒன்றுகூட இல்லை. நல்ல உடம்புகளைக்கொண்டு நாட்டின் நோவுக்கு அளவுகோல் செய்துகொண்டிருக்கிறோம் என்பது எவருக்கும் உறைக்கவில்லை.

வாய்மொழித் தேர்வு நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. வெளித் தேர்வாளராக வந்திருந்த முதிய அம்மையார் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். “எல்லாம் சரி. உன் பூச்சியம் எங்கே இருக்கிறது? வலியே இல்லாத மனிதனை நீ எங்கே கண்டாய்?”

“ஓய்வில் இருக்கும் மனிதன்தான் அம்மா என் பூச்சியம்” என்றாள் கனி, தயங்காமல்.

கைதட்டல் எழுந்தது. அம்மையார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தட்டிய கைகள் அவரைச் சொல்ல விடவில்லை. முனைவர் சுயம்புக்கனி என்று அவளை அழைத்தபோது, கடைசி வரிசையில் உப்புநீர் வெடிப்புக் கண்ட கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தங்கபுஷ்பம் எல்லாருக்கும் கடைசியாகக் கைதட்டி முடித்தாள்.

அவளுடைய கருவி நோவுமானி என்ற பெயரோடு நாட்டுக்கு வந்தது. நன்மை செய்யவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. பேறுகால அறைகளில் பட்டை பத்துக்கு எட்டு என்று காட்டியதும் ஏச்சு நின்றது, மருத்துவர் வந்தார். வாய் பேச இயலாத பிள்ளைகளின் வயிற்றுவலிக்கு வாய் கிடைத்தது. ‘நோவின் முன் எல்லாரும் சமம்’ என்று சுவரொட்டிகள் முழங்கின. அந்தச் சுவரொட்டிகளைக் காணும்போதெல்லாம் கனியின் கண் நனைந்தது.

பிறகு சட்டம் வந்தது. ஏமாற்றி மருந்து வாங்குகிறார்கள், நடித்து விடுப்பு எடுக்கிறார்கள் என்று ஆட்சியாளர்க்கு எப்போதும் ஓர் ஐயம் உண்டல்லவா? ஐந்துக்குக் குறைந்தால் விடுப்பு இல்லை, ஊடுகதிர்ப் படம் இல்லை, வலிமருந்தும் இல்லை என்றார்கள். வலிமருந்துப் பெட்டிகளுக்குச் சாவி ஒழிக்கப்பட்டது. கட்டிலுக்கு ஒரு பட்டை, பட்டைக்கு ஒரு பெட்டி. பட்டையில் எண் உயர்ந்தால் பெட்டி தானே திறக்கும். மனிதர் சொல்லை மனிதர் நம்பாதிருந்ததற்கு மருந்தாக வந்த கருவி, மனிதர் சொல்லை எவருமே கேட்க வேண்டாம் என்பதற்கு உரிமம் ஆயிற்று.

கனி அப்போதும் கலங்கவில்லை. எண் பொய் சொல்லாது என்பது அவளுடைய மதம்.

அந்த ஆண்டு உப்பெடுப்பு மும்முரமாக நடந்த நாளொன்றில் தங்கபுஷ்பம் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். நாற்காலியின் கையைப் பிடித்து, மூச்சைப் பிடித்து, மெல்ல மெல்ல உட்கார்ந்தாள்.

“என்னக்கா திடீர்னு? ஒரு போன் போட்டிருக்கலாம்லா?”

“முதுவு கெடந்து கொல்லுது கனி. ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒம் பட்டையக் கட்டுனாவ. முட்டைன்னு காட்டுச்சு. வீட்டுக்குப் போன்னுட்டாவ. மறுக்காவும் போனேன், மறுக்காவும் முட்டைதான். நடிக்கியான்னு கேக்காவட்டி.” அவள் சிரிக்க முயன்றாள். “நீ செஞ்ச சாமானுதான? ஒங் கையால கட்டிப் பாரு. ஒங்கிட்ட அது பொய் சொல்லாது.”

கனி கட்டினாள். முதல் நிமிடம் கழிந்தது. கோடு எழவில்லை. அக்காள் நிமிர்ந்தபோது முகம் சுளித்தது. பட்டை அதை அசைவின் இரைச்சல் என்று ஒதுக்கிவிட்டு மீண்டும் அமைதியாயிற்று. பூச்சியம்.

அந்த நேரத்தில் கனிக்கு முன்னால் இருந்தவை இரண்டு. ஒன்று, தன்னை வளர்த்தவளின் முகம். மற்றொன்று, தான் வளர்த்த கருவியின் முகம். அவள் எதைப் பார்த்தாள்?

“நோவு இல்லையேக்கா.”

“இல்லையா?”

“அலுப்பா இருக்கும். மனசுல ஏதாவது பாரம் இருந்தாலும் இப்படித் தோணும்.”

“அப்பம் எனக்கு வலிக்கலைன்னு சொல்லுத.”

“நான் சொல்லலக்கா. கருவி சொல்லுது.”

“அதுக்குப் பேசப் படிச்சுக் குடுத்தது நீதானட்டி?” தங்கபுஷ்பம் பட்டையைத் தானே அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். கோபம் இல்லை அவள் குரலில். கோபித்திருந்தால் கனி பிழைத்திருப்பாள். “சரி, படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். வெயிலுக்கு முன்ன போயிருதேன்.”

வாயைப் பொத்திக்கொண்டு கிட என்று அன்று ஒருத்தி சொன்னாள். இன்று தங்கையும் அதையேதான் சொன்னாள், மரியாதையான மொழியில், மென்மையான குரலில். அக்காள் மீண்டும் உப்பளத்துக்குப் போனாள். வரப்பில் மயங்கி விழும்வரை அங்கேயே நின்றாள்.

விழுந்தவளைத் தூக்கி வந்தபோது மருத்துவமனையில் முறைநேரத்தில் இருந்தவர் டெல்பின் என்ற எலும்பு மருத்துவர். பட்டை பூச்சியம் காட்டியது. அவர் அதைப் பார்க்காமல் நோயாளியின் முகத்தைப் பார்த்தார். சட்டத்தை மீறிப் படம் எடுத்தார். முதுகெலும்பைப் புற்று அரித்துத் தின்றிருந்தது.

“மூணு மாசத்துக்கு முந்தி வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்” என்றார் டெல்பின், ஓடிவந்த கனியிடம். “நீங்கதானே ஆராய்ச்சி அம்மா? ஒரு சந்தேகம். இவ்வளவு பெரிய கட்டி, உங்க கருவிக்கு மட்டும் எப்படிங்க தெரியாமப் போச்சு?”

டெல்பின் கட்டியிலிருந்து சதை எடுப்பதற்காகத் தங்கபுஷ்பத்தின் முதுகுத் தண்டில் மரப்பு ஊசி போட்டார். கனி பட்டையைத் தன் கணினியோடு இணைத்து, கழித்தபின் வரும் குறியை எண்ணாக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்து ஏறியது. கோடு இறங்கியது. பூச்சியத்திலேயே நிற்கும் என்று அவள் எதிர்பார்த்த கோடு, பூச்சியத்தைத் தாண்டி இறங்கிற்று. இறங்கிக்கொண்டே இருந்தது. திரையின் அடிவிளிம்புக்கும் கீழே போய் மறைந்தது.

பட்டை மட்டும் பூச்சியம் என்றே காட்டிக்கொண்டிருந்தது. பூச்சியத்துக்குக் கீழே வலி ஏது என்று எண்ணி, கீழே போகும் எதையும் பூச்சியமாகக் காட்டச் சொல்லி வைத்தவள் அவளேதான்.

“டாக்டர்” என்றாள் கனி. “இவ இத்தனை நாளும் அங்க மேல நின்னிருக்கா. ஒரு நிமிஷங்கூடக் கீழ இறங்கல. ஓயாம வலிச்சதனால, பாத்திரம்னு நெனச்சு அந்த வலியத்தான் நான் கழிச்சிருக்கேன்.”

டெல்பின் குனிந்து திரையைப் பார்த்தார். “இப்ப மரத்துப் போய் இருக்காங்க. இப்பவே பூச்சியம் எடுத்துட்டா? வலி திரும்பும்போது எண் காட்டுமே.”

“காட்டாது. மணிக்கு மணி புதுசா எடுத்துக்கும். வலி மெல்லத்தான் திரும்பும். பூச்சியமும் கூடவே மெல்ல ஏறிரும்.”

“அப்போ திடீர்னு வர்ற வலிதான் உங்களுக்கு வலி. தினப்படி வலி, கணக்குலயே இல்ல.”

ஆம், அதுதான்! இடறி விழுந்த சீமானின் கால் சுளுக்கு, எட்டு. இருபதாண்டு உப்புநீரில் நின்றவளின் கால், பூச்சியம். என்றைக்கோ ஒருநாள் அழுகிறவனின் கண்ணீர் கணக்கில் ஏறும். என்றைக்கும் அழுகிறவளின் கண்ணீர், அவளுடைய இயல்பு என்று கழிக்கப்படும். காலங்காலமாக இந்தச் சமுதாயம் செய்துவந்த அதே கணக்கை, அதை எதிர்த்துக் கிளம்பியவள் வைரத்தில் பதித்துக் கொடுத்துவிட்டாள்.

பேராசிரியர் இராசநாயகம் இப்போது நோவுமானி வாரியத்தில் உறுப்பினர். கனி அவர்முன் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் தோள்கள் தாழ்ந்தன.

“தெரியும்மா” என்றார்.

“தெரியுமா சார்?”

“போன வருஷம் சோதிச்சுப் பார்த்தோம். மருந்து கொடுத்து, நெசமான பூச்சியம் எடுத்து, உப்பளத்துல, செங்கச் சூளையில, தறிக்கூடத்துல. எவரும் அஞ்சுக்குக் கீழ இல்ல கனி. ஒருத்தர்கூட இல்ல. வாரியம் கூடிச்சு. அப்புறம் ஒருத்தர் சொன்னார். இதை வெளியே சொன்னா நாளைக்கு வேலைக்கு யார் வருவா, இத்தனை பேருக்கு மருந்து யார் கொடுப்பான்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கையெழுத்துப் போட்டேன்.” அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நான் சொல்லிக்கொடுத்த பாடந்தானேம்மா அது.”

கனி செய்தித்தாள்களுக்கு எழுதினாள். மேடை ஏறினாள், முழங்கினாள். ‘கருவியைக் கண்டவளே கருவியைப் பழிக்கிறாள், அக்காள் நோயால் மனம் கலங்கிவிட்டது’ என்றார்கள். கேட்டவர்கள் இரங்கினார்கள், ஒருவரும் நம்பவில்லை. சொல்தானே அது, எண் இல்லையே! எண் பார்க்காமல் படம் எடுத்த குற்றத்துக்காக டெல்பினை மலையோர மாவட்டம் ஒன்றுக்கு மாற்றினார்கள்.

தங்கபுஷ்பம் பொதுப் பிரிவில், சன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். பிழைக்க வைக்கும் கட்டம் தாண்டிவிட்டது. வலியில்லாமல் போக வைப்பது ஒன்றே மிச்சம். அதற்கான மருந்து தலைமாட்டுப் பெட்டியில், கைக்கெட்டும் தொலைவில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. பட்டை பூச்சியம் காட்டியது. பெட்டி மூடியே இருந்தது.

வெயில் சாய்ந்திருந்த ஒரு பிற்பகலில் கனி கட்டிலருகே உட்கார்ந்தாள். தன் வாழ்நாளில் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

“எங்கக்கா வலிக்குது?”

தங்கபுஷ்பம் அவளை நெடுநேரம் பார்த்தாள். “ஒண்ணும் வலிக்கலட்டி. ஒம் மெஷினு சொல்லுதது சரிதான். நீ மனசப் போட்டு ஒழப்பாத.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் விரல்கள் போர்வையின் ஓரத்தைத் திருகின. கீழுதட்டில் பல் பதிந்து இரத்தம் கசிந்தது.

கனி எழுந்து போய்ச் செவிலி எஸ்தரிடம் நின்றாள். “எங்கக்காவுக்கு வலிக்குது.”

“தெரியுதும்மா. எங்க கையில சாவி இல்லையே. எண் வந்தாத்தான் தொறக்கும்.”

“நான் சொல்றேன். வலிக்குது.”

“யாரு சொன்னாலும் தொறக்காதும்மா.”

கனி கட்டிலுக்குத் திரும்பினாள். அக்காளின் பிடரியிலிருந்து பட்டையை அவிழ்த்தாள். தன் பிடரியில் கட்டிக்கொண்டாள். யார் கழுத்தில் இருக்கிறோம் என்று கேட்க அதற்குத் தெரியாது. நோயில்லாத, பசியறியாத, வெயில் படாத அவளுடைய உடலை அது ஒரு நிமிடம் முகர்ந்து பார்த்தது. காலிப் பாத்திரம் என்று குறித்துக்கொண்டது. வார்டு மேசையில் செவிலியர் தேநீருக்கு வைத்திருந்த மின்கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. அவள் இடது கையின் உட்புறத்தை அதன் வயிற்றில் வைத்து அழுத்தினாள்.

“ஏட்டி! என்னட்டி செய்யுத!” அக்காளின் குரல் உடைந்து வந்தது.

ஒன்பது என்றது பட்டை. கண்ணாடி விலகியது. பெட்டி திறந்தது.

எஸ்தர் அலறவில்லை. மருந்தை எடுத்தாள், ஊசியில் ஏற்றினாள், தங்கபுஷ்பத்துக்குப் போட்டாள். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து ஒரு களிம்புக் குழலை எடுத்தாள். பாதிக்குமேல் பிதுக்கப்பட்டு, வால் சுருட்டப்பட்ட தீக்காயக் களிம்பு. கனியின் கையைத் தன் மடிமேல் வைத்துத் தடவினாள். அவள் முகத்தில் வியப்பே இல்லை.

“உங்களுக்கு... முன்னாடியே தெரியுமா?” என்றாள் கனி.

எஸ்தர் வார்டின் பக்கம் முகத்தைச் சாய்த்துக் காட்டினாள். கனி பார்த்தாள். கட்டிலுக்குக் கட்டில் நோயாளிக்குத் துணையாக ஒருவர் இருந்தார். தாய்க்கு மகன், மனைவிக்குக் கணவன், மாமியாருக்கு மருமகள். புழுங்கும் அந்தப் பிற்பகலில் எல்லாருடைய முன்கையிலும் துணி சுற்றியிருந்தது. ஒருவரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. புதிதாக வந்தவளைப் பார்த்துச் சங்கடப்படுத்த அவர்கள் விரும்பவில்லை.

தங்கபுஷ்பத்தின் விரல்கள் போர்வையை விட்டன. திருகிய துணி மெல்லப் பிரிந்தது. கண்ணீர் வழிந்த முகத்தோடேயே அவள் உறங்கிப் போனாள்.

“நாளைக்குத் துணைக்கு யாரும்மா வருவா?” என்று கேட்டாள் எஸ்தர், குழலை மூடிக்கொண்டே. “ஒரே ஆளு தினமும்னா தாங்காது. வீட்ல வேற யாரும் உண்டா?”

“இல்ல. நான் ஒருத்திதான்.”

எஸ்தர் கனியின் மறு கையை எடுத்து, சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்து, அந்தத் தோலை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, மெல்ல இறக்கி வைத்தாள்.